ஊதாத சங்கு!

ஆலைத் தொழிலாளிக்குச் சங்கின் அருமையை நாம் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. முதற் சங்குக்குப் படுக்கையை விட்டு எழுகிறான். அடுத்த சங்குக்குத் தூக்குச் சட்டியுடன் புறப்படுகிறான். கடைசிச் சங்கு ஓய்வதற்குள் வாயிலைக் கடந்தாக வேண்டும். கடக்காவிட்டால் கூலியில் கைவைத்து விடுவார்கள்! வேலை வாங்குவதற்கென்று ஏற்பட்ட சங்கு, ஒரு நாளாவது ஊத மறந்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை.

உயிர் காப்பதற்கென்று நிறுத்தி வைக்கப்பட்ட சங்கு, ஊர் எரிந்து கொண்டிருந்த வேளையில் ஊதாமலே நின்ற கதை ஒன்று உண்டு. கட்டுக் கதையன்று. செல்வத்திலும் விஞ்ஞானத்திலும் எம்மை மிஞ்ச எவருண்டு என்று மார்தட்டும் அமெரிக்காவிலே, 2023-ஆம் ஆண்டிலே நடந்தது. அதைத்தான் இன்று தோழர்கள் முன் வைக்கிறோம்.

பசிபிக் கடலின் நடுவே ஹவாய்த் தீவுகள். அவற்றுள் ஒன்று மவுயி. அதன் மேற்குக் கரையிலே லஹைனா என்ற ஊர். ஒரு காலத்தில் ஹவாய் மன்னர்களின் தலைநகரம். பின்பு கரும்பு முதலாளிகளின் ஊர். அதற்கும் பின்பு உல்லாசப் பயணிகள் வந்து குவியும் ஊர். ஊரின் நடுவே ஓர் ஆலமரம். 1873-இல் இந்திய நாட்டிலிருந்து கன்றாகக் கொண்டு போய் நட்டது, விழுது மேல் விழுதாக இறக்கி ஒரு தோப்பாகவே ஆகிவிட்டது.

2023 ஆகஸ்டு 8, செவ்வாய்க்கிழமை. பிற்பகல் மூன்று மணி வாக்கில் மலைச்சரிவிலே தீ. பொழுது சாய்வதற்குள் ஊரில்லை! 102 பேர் மாண்டனர். 2,200-க்கு மேற்பட்ட கட்டடங்கள் சேதமாயின, சாம்பலாயின. ஓட வழியில்லாமல் கடலிலே குதித்து, அலையிலே தத்தளித்து, புகையை விழுங்கிக் கிடந்தவர்கள் பலர். 1918-இல் மின்னசோட்டா மாநிலத்தில் காட்டுத் தீ நூற்றுக்கணக்கானோரைப் பலி கொண்டதே, அதற்குப் பிறகு அமெரிக்காவில் இத்தனை உயிரைக் குடித்த காட்டுத் தீ வேறில்லை.

தெரியாமல் வந்ததா இந்தத் தீ? எவரும் எதிர்பாராத இடியா? இல்லை. அதுதான் நம் நெஞ்சைச் சுடுகிறது.

தெரிந்திருந்தது, எல்லோருக்கும்!

தெற்கே சில நூறு மைலுக்கு அப்பால் டோரா என்ற சூறாவளி போய்க் கொண்டிருந்தது. தீவுகளின் மேலே காற்று இறுகிற்று. காற்று கடுமையாக வீசும், புல் காய்ந்திருக்கிறது, பொறி விழுந்தால் பெருந்தீயாகும் என்று வானிலை நிலையத்தார் முன்னதாகவே செங்கொடி எச்சரிக்கை விடுத்தனர். அப்படியே வீசிற்று, மணிக்கு 60 மைலுக்கு மேல்! வானிலை அறிந்தவன் தன் கடமையைச் செய்து விட்டான்.

அது மட்டுமா? 2014-இலேயே மேற்கு மவுயிக்கென்று காட்டுத் தீப் பாதுகாப்புத் திட்டம் ஒன்று எழுதி வைத்திருந்தார்கள். லஹைனாவுக்கு ஆபத்து அதிகம் என்று அதிலே கண்டிருந்தது. 2018 ஆகஸ்டிலே, இதே போல ஒரு சூறாவளி தொலைவில் கடந்தபோது, இதே லஹைனாப் பக்கத்துச் சரிவுகளிலே தீப் பரவி வீடுகள் எரிந்தன. ஏட்டிலே எச்சரிக்கை, வானிலே எச்சரிக்கை, பட்ட அனுபவத்திலே எச்சரிக்கை. ஆனால் குடிசை வாயிலிலே நின்ற கிழவனுக்கு மட்டும் எச்சரிக்கை இல்லை!

காலை ஆறரை மணிக்கே ஒரு தீ. அறுந்த மின்கம்பியிலே மீண்டும் மின்சாரம் பாய்ந்து, புல்லிலே பொறி விழுந்தது. தீயணைப்போர் வந்தனர், அணைத்தனர். முழுதும் கட்டுக்குள் வந்துவிட்டது என்று காலை ஒன்பது மணி வாக்கில் அறிவிப்பும் வந்தது. பிற்பகல் வரை காத்திருந்து விட்டு வேறிடத்துக்குச் சென்றனர். அணைந்ததாக எண்ணிய தணல் காற்றிலே கண் விழித்தது. காலைத் தீயே பிற்பகலில் மீண்டும் மூண்டது என்று 2024 அக்டோபரில் வெளியான விசாரணை அறிக்கை கூறிற்று.

தீயணைப்புத் தொழிலாளியை நாம் குறை கூற மாட்டோம். தீவிலே அன்று பல இடங்களில் தீ. குழாயிலே தண்ணீர் அழுத்தம் குறைந்து போயிற்று. தன் வீடே எரிந்து கொண்டிருக்க, அடுத்தவன் வீட்டைக் காக்க நின்றவர்கள் அவர்களிலே உண்டு. குறை, குழாயைப் பிடித்த கையிலே இல்லை. மேலே இருக்கிறது.

சங்கு ஊமையான விந்தை

ஹவாய் மாநிலம் முழுவதும் சுமார் 400 அபாயச் சங்குகள். உலகிலேயே பெரிய சங்கு வரிசைகளுள் ஒன்று என்று அவர்களே பெருமை பேசிக் கொள்வது. மவுயித் தீவில் மட்டும் 80. மாதந்தோறும் முதல் வேலை நாளில் ஊதிச் சோதித்துப் பார்ப்பது வழக்கம். சங்கு இருந்தது, ஊதுவதற்கு விசையும் இருந்தது. ஆகஸ்டு 8 அன்று ஒன்று கூட ஊதவில்லை!

மவுயியின் பேரிடர் நிர்வாகத் தலைவர் அன்று ஊரிலேயே இல்லை. அடுத்த தீவிலே, பேரிடர் சம்பந்தமான ஒரு கூட்டத்திலே இருந்தார். ஆயத்தம் பற்றிப் பேசப் போன நாளில் ஆயத்தமில்லாத ஊர் எரிந்தது! எட்டு நாள் கழித்து நிருபர்கள் கேட்டார்கள்: சங்கு ஊதாததற்கு வருந்துகிறீரா என்று. வருந்தவில்லை என்று பதில் வந்தது. மறுநாள், உடல்நிலை காரணமென்று சொல்லிப் பதவி விலகினார்.

ஏன் வருந்தவில்லை? அவர் சொன்ன காரணம் இது: சங்கு ஊதினால் மக்கள் கடற்பேரலை வருவதாக எண்ணுவர், மலைப்பக்கம் ஓடுவர், மலைப்பக்கம்தான் தீ, ஆகவே நெருப்பை நோக்கியே ஓடியிருப்பர்.

இதைக் கேட்டவுடன் எள்ளி நகையாடிவிட்டுப் போய்விடலாம். நாம் அப்படிச் செய்யப் போவதில்லை. இந்த வாதத்திலே ஓரளவு உண்மை இருக்கிறது. அந்த உண்மைதான் குற்றத்தை இன்னும் பெரிதாக்குகிறது.

சங்கு ஊதினால் கடலைப் பார்க்க வேண்டுமா, மலையைப் பார்க்க வேண்டுமா என்று மக்களுக்குத் தெரியாது என்றால், அதைச் சொல்லித் தரவேண்டியவர் யார்? காட்டுத் தீக்கும் இந்தச் சங்கை ஊதலாம் என்று மாநில அரசின் அறிவிப்பிலேயே எழுதி வைத்திருந்தார்களே! மாதந்தோறும் கருவியைச் சோதித்தார்கள். மக்களுக்குப் பொருள் புரிந்திருக்கிறதா என்ற சோதனையில் தோற்றார்கள். ஆலைத் தொழிலாளி மூன்று சங்கையும் பிரித்தறிகிறானே, எப்படி? பள்ளியிலே படித்தா? இல்லை. சங்கு ஊதினால் என்ன செய்ய வேண்டும் என்பது அவன் வாழ்க்கையோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. கூலிக்குச் செய்த அந்தப் பழக்கத்தை உயிருக்குச் செய்திருக்கக் கூடாதா?

சங்குக்குப் பதிலாகக் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பினோம் என்றார்கள். எப்போது? மாலை நான்கேகால் மணிக்கு மேல். விடியற்காலையிலிருந்தே ஊரில் பல இடங்களில் மின்சாரம் இல்லை. கைப்பேசிக் கோபுரங்களும் செயலிழந்தன. கண்ணில்லாதவனுக்குக் கடிதம் எழுதியது போலாயிற்று!

ஊதுகிற சங்கை ஊதி வைப்போம், விடிகிறபோது விடியட்டும் என்று நம் நாட்டிலே ஒரு பேச்சு உண்டு. சலித்துப் போனவன் சொல்லும் சொல். லஹைனாவிலே அந்தச் சலித்த சங்கையாவது ஊதியிருந்தால், 102 பேரிலே சிலருக்கேனும் மறுநாள் விடிந்திருக்கும் அல்லவா?

மாண்டவர்கள் யார் என்று பாருங்கள். பெரும்பாலோர் அறுபது வயதைக் கடந்தவர்கள். நடக்க முடியாதவர், வண்டி இல்லாதவர், தனியாக இருந்தவர். காற்றின் காரணமாக அன்று பள்ளிகளுக்கு விடுமுறை. ஓட்டலிலும் கடையிலும் உழைக்கப் போன தாய் தந்தையர், பிள்ளைகளை வீட்டிலே விட்டுப் போயிருந்தனர். மின்கம்பங்கள் சாய்ந்து சாலைகள் அடைபட்டன; ஊர்திகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுவிட்டன. காலும் காரும் காதும் உள்ளவன் எப்படியோ தப்புகிறான். எச்சரிக்கை வாரா விட்டால் முதலில் சாகிறவன், எவருடைய பட்டியலிலும் இல்லாதவன்.

வைக்கோற்போரும் வருமானமும்

வருமுன் காத்துக் கொள்ளாதவன் வாழ்வுக்கு வள்ளுவர் காட்டிய உவமை என்ன? நெருப்பின் அருகே வைத்த வைக்கோற்போர்! லஹைனாவின் தலைக்கு மேலே அது உவமையாக அன்று, உண்மையாகவே இருந்தது. ஒரு மலைச்சரிவு அளவுக்கு!

எப்படி வந்தது அந்த வைக்கோற்போர்? 1860-லிருந்து அங்கே பயனியர் மில் என்ற கரும்பாலை. மலை ஓடைகளைத் திருப்பிக் கரும்புக்குப் பாய்ச்சினர். சீனரும் ஜப்பானியரும் பிலிப்பைன் நாட்டாரும் கூலிகளாக வந்து உழைத்தனர். கரும்புத் தோட்டக் கூலி என்றால் என்னவென்று தமிழனுக்குத் தெரியும். பிஜியிலும் மொரீசியஸிலும் நேட்டாலிலும் அவன் சிந்தாத வியர்வையா? அந்தத் தோட்டங்களிலே விடியுமுன் சங்கு ஊதும். ஆள் எழுந்தாக வேண்டும். 1893-இல் ஹவாய் அரசியை அரியணையிலிருந்து இறக்கிய கூட்டத்திலே கரும்பு முதலாளிகளின் கை வலுவாக இருந்தது. 1898-இல் தீவுகளே அமெரிக்காவோடு இணைக்கப்பட்டன.

1999-இல் ஆலை மூடப்பட்டது. இலாபம் நின்றதும் ஆலை நின்றது, ஆலை நின்றதும் உழவு நின்றது, பாசனம் நின்றது. நிலம் தரிசாகக் கிடந்தது. மாட்டுத் தீவனத்துக்கென்று ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கினிப் புல் ஆளுயரத்துக்கு வளர்ந்தது. மழையிலே தழைக்கும், வெயிலிலே காயும், காய்ந்தால் பற்றும். பற்றி எரிந்த இடத்திலே, முன்னிலும் செழித்து மீண்டும் முளைப்பதும் அதே புல்தான். கரும்பு இருந்தவரை இலாபம் ஒருவனுக்கு. கரும்பு போன பின்பு காய்ந்த புல் ஊருக்கு!

மின்சாரக் கம்பெனியின் கதை என்ன? பெருங்காற்று வருமென்று தெரிந்தால் முன்கூட்டியே மின்சாரத்தை நிறுத்தி விடுவது என்ற முறை கலிபோர்னியாவிலே நடைமுறையில் இருந்தது. ஹவாயன் எலெக்ட்ரிக் கம்பெனியிடம் அத்தகைய திட்டம் அன்று இல்லை. 2024 ஜூலையில்தான் தொடங்கினார்கள். அதே ஆண்டில் கம்பெனியும் மாநில அரசும் தீவு நிர்வாகமும் நிலவுடைமையாளர்களும் சேர்ந்து, பாதிக்கப்பட்டோருக்கு ஏறத்தாழ 400 கோடி டாலர் கொடுக்க உடன்பட்டார்கள். 400 கோடி! புல்லை அறுக்கவும், கம்பத்தை மாற்றவும், சங்கின் பொருளைச் சொல்லித் தரவும் இதிலே எத்தனையில் ஒரு பங்கு போதுமாயிருந்திருக்கும்? செத்த பிறகு அளக்கும் பணத்தில் சிறு பகுதியை, சாகுமுன் செலவிட மனம் வரவில்லை.

தப்பிக்க வழி இல்லையா?

நெருப்பு வந்தால் மனிதன் என்ன செய்வான், எல்லாம் விதி என்று சிலர் கூறுவர். விதியின் மீது பழியைப் போட்டு விட்டால் விசையை அழுத்தாதவன் தப்பித்துக் கொள்ளலாம் அல்லவா!

கிரேக்க நாட்டைப் பாருங்கள். 2018 ஜூலை 23. ஏதென்ஸ் நகருக்கு அருகே மாத்தி என்ற கடற்கரை ஊர். வெளியேறுங்கள் என்ற உத்தரவே வரவில்லை. குறுகிய தெருக்களிலே சிக்கி நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நாடே கொதித்தது. அதன் பிறகு 112 என்ற எண்ணிலிருந்து, ஆபத்துள்ள பகுதியிலே இருக்கும் கைப்பேசிகளுக்கெல்லாம் எச்சரிக்கை பாயும் ஏற்பாடு வந்தது. 2021 ஆகஸ்டில் ஏவியாத் தீவு பற்றி எரிந்தபோது செய்தி முன்னதாகப் போயிற்று; ஆயிரக்கணக்கானோரைப் படகேற்றி அப்புறப்படுத்தினர். காடு அழிந்தது, வீடு அழிந்தது, அந்த இழப்புக்காக அரசைக் கண்டித்தவர்கள் உண்டு, கண்டித்தது சரியே. ஆனால் மாத்தியிலே விழுந்த பிணக்குவியல் அங்கே விழவில்லை. அதே நாடு, அதே நெருப்பு, மூன்றே ஆண்டு இடைவெளி. இடையிலே மாறியது விதியா? ஏற்பாடு!

அமெரிக்காவுக்கும் கிரேக்கத்துக்கும் வழி சொல்லிவிட்டு நம் வீட்டை மறந்து விடலாமா? 2018 மார்ச் 11-ஐ மறக்க முடியுமா? தேனி மாவட்டம், போடிநாயக்கனூருக்கு மேலே குரங்கணி மலை. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்தும் மலையேறச் சென்ற இளைஞர்கள், பெண்கள் பலர், கொழுக்குமலையிலிருந்து இறங்கி வந்தபோது காய்ந்த புல்வெளியிலே தீயில் சிக்கினர். இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். முதலில் ஓடி மேலேறியவர்கள் யார்? மலைவாழ் மக்களும் அக்கம்பக்கத்து ஊராரும். ஹெலிகாப்டர் பிறகு வந்தது. விசாரணை நடந்தது, மலையேற்றத்துக்கு அந்த ஆண்டே விதிகள் வந்தன. நல்லது. ஆனால் மலையேற வருகிறவனுக்கு விதி போதும், மலையிலேயே வாழ்கிறவனுக்கு?

நம்மிடமும் வானத்திலே கண் இருக்கிறது. செயற்கைக் கோள் கண்ட தீயை, டேராடூனிலுள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் வனத்துறையினருக்குக் கைப்பேசிச் செய்தியாக அனுப்புகிறது. பதிவு செய்து கொண்டால் பொதுமக்களுக்கும் வரும். ஆனால் அந்தக் கோள் நம் தலைக்கு மேலே நாள் முழுதும் நிற்பதில்லை. நாளுக்குச் சில முறை கடந்து போகிறது. அது போய்த் திரும்புவதற்குள் தீ மலையேறி விடும். சரிவு பத்துப் பாகை கூடினால், மேல்நோக்கி ஓடும் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது கணக்கு. ஆகவே வானத்துக் கண் போதாது. தரையிலே நிற்கும் மனிதன் வேண்டும். தீத்தடுப்புக் கோடு வெட்டுகிறவன், புகையைக் கண்டதும் ஓடி வருகிறவன், தினக்கூலிக்குக் காட்டைக் காக்கிறவன் வேண்டும். அவனுக்குக் காலணி உண்டா, தண்ணீர் உண்டா, கூலி ஒழுங்காக வருகிறதா என்று கேட்பதும் காட்டுத் தீத் தடுப்பிலே சேர்ந்ததே.

எச்சரிக்கை என்பது ஒரு சங்கிலி, தோழர்களே! கண்டவன், முடிவெடுப்பவன், ஊதுபவன், கேட்பவன், கேட்டபின் போக வேண்டிய பாதை, அந்தப் பாதையிலே நடக்க முடியாதவனைத் தூக்கிச் செல்லும் கை. லஹைனாவிலே முதற் கண்ணி வலுவாக இருந்தது. மற்றவை தெறித்து விட்டன. நம் ஊரிலே எத்தனை கண்ணி இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தோமா?

மலையடிவாரத்து ஊர்களிலே இருக்கும் தோழர்களுக்கு நாம் ஒன்று சொல்வோம். தேர்தல் நாளன்று நீங்கள் செய்யும் வேலை நமக்குத் தெரியும். கையிலே வாக்காளர் பட்டியல். எந்த வீட்டிலே எத்தனை பேர், எவர் வெளியூர், எந்தப் பாட்டிக்கு நடக்க முடியாது, யாரை வண்டியிலே ஏற்ற வேண்டும், எல்லாம் விரல் நுனியிலே! நான்கு மணிக்குள் கடைசிக் கிழவியையும் சாவடிக்குக் கொண்டு போய்ச் சேர்த்து விடுகிறீர்கள். வாக்குக்காகச் சுமந்த அந்தக் கிழவியை உயிருக்காகச் சுமக்க முடியாதா? அதே பட்டியல், அதே தெரு, அதே தோள்தானே!

மாசி பிறக்குமுன்னே செய்ய வேண்டியவை சில. ஊரைச் சுற்றியுள்ள காய்ந்த புல்லையும் சருகையும் அகற்றச் செய்யுங்கள். குப்பையைக் கொளுத்தாதே, பீடித் துண்டை எறியாதே என்று சொல்லுங்கள்; காட்டுத் தீயிலே மிகப் பெரும்பகுதி மனிதக் கையால் மூள்வது. எந்த ஒலிபெருக்கியிலே, யார், எந்தச் சொல்லால் அறிவிப்பது என்று ஊர் கூடி முடிவு செய்யுங்கள். வெளியேற இரண்டு வழி குறித்து வையுங்கள். ஒன்று அடைபட்டால் மற்றொன்று. புகையைக் கண்டால் தீயணைப்புக்கு 101, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. மலையிலே தீ துரத்தினால் மேல்நோக்கி ஓடக் கூடாது. பாறையையோ ஓடையையோ எரிந்து அடங்கிய கருநிலத்தையோ தேட வேண்டும். இவற்றை ஆண்டுக்கு ஒரு முறையேனும் நடத்திப் பாருங்கள். நடத்திப் பாராத திட்டம், லஹைனாவின் 2014-ஆம் ஆண்டுத் திட்டம் போல ஏட்டிலேதான் இருக்கும்.

இதைச் சொல்வதால் அரசின் கடமை குறைந்துவிடவில்லை. உங்கள் மாவட்டத்திலே அபாய அறிவிப்பு கொடுக்க அதிகாரம் பெற்றவர் யார்? அவர் ஊரில் இல்லாத நாளில் யார்? மின்சாரம் போனால் எதைக் கொண்டு அறிவிப்பார்? இந்த மூன்று கேள்விகளையும் ஆட்சியாளரிடம் எழுத்திலே கேளுங்கள். பதிலையும் எழுத்திலே வாங்குங்கள். எந்தக் கட்சி ஆண்டாலும் கேளுங்கள். தீ, ஆளுங்கட்சி வீடு எதிர்க்கட்சி வீடு என்று பார்த்து எரிவதில்லை.

லஹைனாவின் ஆலமரம் கருகியும் சாகவில்லை. தண்ணீர் ஊற்றினார்கள், உரமிட்டார்கள். சில வாரங்களிலே புதுத் தளிர் விட்டது. மரம் அப்படித் தளிர்க்கும். மாண்டுபோன 102 பேர் தளிர்க்க மாட்டார்கள். ஆகையால்தான், தீ வந்த பின்பு சிந்தும் கண்ணீரைக் காட்டிலும், தீ வருமுன் சிந்தும் வியர்வையை நாம் கேட்கிறோம். கோடை தொடங்குமுன் தொடங்குங்கள்!